கோயில் மண்டபத்தில் மாணவர்களை வைத்து இலவச வரி உதவி: செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

லெனேஷியா_பிகாம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஜோகன்னஸ்பர்க்கில் கணக்கியல் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். வீடு லெனேஷியா. எங்கள் தமிழ் மாணவர் குழுவில் கணக்கியல், சட்டம், கணினி என்று படிப்பவர்கள் ஒரு டஜன் பேர் இருக்கிறோம். வருகிற ஜூலை விடுமுறையில் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு, பெரியவர்களுக்கு வருமான வரிப் படிவத்தை இலவசமாக நிரப்பிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம்.

இந்த எண்ணம் என் ஆயாவால் வந்தது. கடைத்தெருவில் ஒருவர் ஆயாவுக்குப் படிவம் போட்டுக் கொடுத்து 850 ரேண்ட் வாங்கிக்கொண்டார். அப்புறம் நான் ஈஃபைலிங்கை (வரித்துறையின் இணையதளக் கணக்கு) திறந்து பார்த்தால் ஒரு ஓய்வூதியம், கொஞ்சம் வங்கி வட்டி, அவ்வளவுதான். சார்ஸே, அதாவது தென்னாப்பிரிக்க வரித்துறையே, கணக்குப் போட்டு அனுப்பியிருந்தது. ஆயா சும்மா இருந்திருந்தாலே வேலை முடிந்திருக்கும். பக்கத்து வீட்டுத் தாத்தாவும் அதே ஆளிடம்தான் போகிறார்.

அமெரிக்காவில் விட்டா என்று ஓர் இலவச வரி உதவித் திட்டம் பல வருஷமாக நடப்பதாக வாசித்தேன். அங்கே ஐஆர்எஸ் (அந்நாட்டு வரித்துறை) வைக்கும் தேர்வை எழுதித் தேறினால்தான் மாணவர்கள் மேசையில் உட்கார முடியும். இங்கே நாங்களாகத் தொடங்கினால் சட்டச் சிக்கல் வருமா? மாணவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்? ஒரு மடிக்கணினிக்கு எத்தனை பேர்? எங்கள் பேராசிரியரிடம் கேட்டால் "ஐடிஆர்12 படிவத்தை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள்" என்கிறார், தனிநபர் வருமான வரிப் படிவம்தான் அது. அது போதுமா?

---

சம்பளக்கவர் (சாட்ஸ்வொர்த்) பதில்:

தம்பி, தாராளமாகச் செய். ஆனால் "படிவம் நிரப்பித் தரப்படும்" என்று நோட்டீஸ் ஒட்டாதே. ஒட்டினால் பிள்ளைகள் நிரப்பியே தீருவார்கள்.

நான் ஆடிட்டர் இல்லை. டர்பனில் துணி ஆலைச் சம்பளப் பிரிவில் இருந்தவள். ஆயிரக்கணக்கில் ஐஆர்பி5 (வருஷச் சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் சான்றிதழ்) அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன், அதை வாங்கிக்கொண்டு போனவர்கள் என்ன செய்தார்கள் என்று அப்போது யோசித்ததில்லை. இப்போது அவர்களே அந்தக் காகிதத்தோடு எங்கள் கோயில் மண்டபத்துக்கு வருகிறார்கள். ஜூலையில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள், நான் மேய்ப்பேன்.

உன் ஆயா கதைதான் பாதிப் பேருடைய கதை. 2020இலிருந்து சார்ஸ் தானியங்கி மதிப்பீடு போடுகிறது. முதலாளி, வங்கி, மெடிக்கல் எய்டு (சந்தா கட்டிச் சேரும் மருத்துவக் காப்பு), ஓய்வூதிய நிதி எல்லாரும் அனுப்பும் விவரத்தை வைத்து அவர்களே கணக்கை முடித்துச் செய்தி அனுப்பிவிடுவார்கள். போன வருஷம், 2025இல், ஜூலை 7 முதல் 20 வரை அந்தச் செய்திகள் போயின. மற்றவர்கள் படிவம் போட ஜூலை 21 முதல் அக்டோபர் 20 வரை. மதிப்பீடு சரியாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். திரும்ப வரவேண்டிய பணம் இருந்தால், வங்கி விவரம் சரியாக இருக்கும்பட்சத்தில், தானே வந்துவிடும். சரியாக இருப்பதைத் திறந்து, மறுபடி நிரப்பி, அனுப்பினால் என்ன ஆகும்? சரிபார்ப்புக்கு எடுத்துக்கொண்டு ரசீதெல்லாம் கொண்டா என்று கேட்கலாம், பணமும் தள்ளிப் போகலாம். ஆகவே மாணவனுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது: கையைக் கட்டிக்கொண்டு வாசி. "உங்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் ஆயா, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள்" என்று சொல்லி அனுப்பத் தெரிந்தவன்தான் என் மேசைக்கு வேண்டியவன். மூன்றாம் வருஷப் பிள்ளைகளுக்கு இது வேப்பங்காய். படித்ததைக் காட்ட வேண்டும் என்று விரல் துடிக்கும்.

அப்படியானால் வேலை எங்கே இருக்கிறது என்கிறாயா? சார்ஸுக்குத் தெரியாத விஷயத்தில் இருக்கிறது.

மருந்துச் சீட்டிலிருந்து தொடங்கு. 65 வயது தாண்டியவர் தன் கையிலிருந்து கொடுத்த மருத்துவச் செலவில் 33.3 சதவீதம் வரியில் கழியும். மெடிக்கல் எய்டுக்கு அனுப்பிய பில்லெல்லாம் சார்ஸுக்குப் போய்விடும். அங்கே வரம்பு தீர்ந்துவிட்டது என்று அனுப்பாமலே விட்ட பில் யாருக்கும் தெரியாது, அது ஷூ பெட்டியில் கிடக்கும். ஒரு கணக்குச் சொல்கிறேன். இந்தத் திரியில் நான் போடும் கணக்கெல்லாம் 2026 பிப்ரவரியில் முடிந்த வரியாண்டின் விகிதப்படி. 70 வயது அம்மா, மாசம் 20,000 ரேண்ட் ஓய்வூதியம், மெடிக்கல் எய்டு மாசம் 3,000 அவரே கட்டுகிறார். வருஷ வருமானம் 240,000. வரி 43,432. அதில் எல்லாருக்கும் உள்ள கழிவு 17,235, 65 தாண்டியதற்கு 9,444 போக மீதி 16,753. மெடிக்கல் எய்டு கட்டியதற்காக மாசம் 364 வீதம் 4,368, அதற்கு மேல் கட்டிய சந்தாவுக்காக ஏறத்தாழ 7,624. இதுவரைக்கும் சார்ஸே போட்டுவிடும். ஷூ பெட்டியில் 9,000 ரேண்டுக்குச் சீட்டு இருந்தால் இன்னும் 2,997 கழியும். ஓய்வூதியக்காரருக்கு அது ஒரு மாசத்து மளிகை. ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தாக இருக்க வேண்டும். கடையில் தானாக வாங்கிய இருமல் மருந்து, விட்டமின் எல்லாம் சேராது. பிரித்து எடுக்கச் சொல்லிக்கொடு.

65க்குக் கீழே என்றால் ஊனமில்லாதவருக்குக் கதையே வேறு. வருமானத்தில் 7.5 சதவீதத்தைச் செலவு தாண்டினால்தான் பேச்சே தொடங்கும், அதுவும் 25 சதவீதம்தான். மெடிக்கல் எய்டு இல்லாமல் 300,000 சம்பாதிக்கிறவர் 22,500 ரேண்ட் வரை ரசீது வைத்திருந்தும் பயனில்லை. எனவே வயசைக் கேட்காமல் பெட்டியைப் பிரிக்கக் கூடாது. வயசை வரியாண்டின் கடைசி நாளில் பார்க்க வேண்டும், அதாவது பிப்ரவரி முடிவில்.

அடுத்தது சார்ஸுக்கு வரிக் கடன் வந்து நிற்கிறவர்கள். இவர்கள் அழுதுகொண்டே வருவார்கள், நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேச வேண்டும். 66 வயது விதவை என்று வை. பள்ளிக்கூடச் சமையலறையில் பகுதிநேர வேலை மாசம் 8,500, இறந்துபோன கணவரின் நிதியிலிருந்து மாசம் 8,500. வேலை கொடுத்தவர் பார்க்கிறார்: வருஷத்துக்கு 102,000, அந்த வயசுக்கு 148,217 வரை வரி இல்லை, பிடிக்கவில்லை. நிதிக்காரரும் அதையே பார்க்கிறார், அவரும் பிடிக்கவில்லை. சார்ஸ் இரண்டையும் கூட்டுகிறது: 204,000. கழிவு போக வரி 10,041 ரேண்ட். யாரும் ஏமாற்றவில்லை, கணக்கும் தப்பில்லை. அவர் மட்டும் மாசாமாசம் செலவழித்துவிட்டார். 2022 மார்ச்சிலிருந்து இப்படிப்பட்டவர்களுக்குச் சேர்த்துப் பிடிக்கும்படி சார்ஸ் ஓய்வூதிய நிதிகளுக்கு விகிதம் அனுப்புகிறது. ஆனாலும் எல்லாரையும் அது பிடித்துவிடுவதில்லை. இவர்களுக்கு உங்கள் பிள்ளைகள் செய்யக்கூடியது இரண்டு. தவணையில் கட்ட ஈஃபைலிங்கிலேயே விண்ணப்பிக்கலாம், அதற்கு உதவுங்கள். அடுத்த வருஷம் இதே அதிர்ச்சி வராமல் இருக்க, வேலை கொடுத்தவரிடம் மாசம் கூடுதலாக வரி பிடிக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். படிவத்தைவிட அந்தக் கடிதம்தான் அதிகம் உதவும்.

இரண்டு பானை ஓய்வூதிய முறை வந்தபின், அதாவது 2024 செப்டம்பர் 1க்கு அப்புறம், ஓய்வுக்கு முன்பே தொடக்கூடிய சேமிப்புப் பானையிலிருந்து பணம் எடுத்தவர்களும் வருவார்கள். "இருபதாயிரம் எடுத்தேன், கைக்கு வந்தது பாதி" என்பார்கள். எடுத்தது அந்த வருஷச் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குப் போகும், பழைய பாக்கி இருந்தால் அதையும் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். விளக்கம் சொல்லி அனுப்பு, வேறு வழி இல்லை.

இளசுகளையும் விட்டுவிடாதே. பெரியவரைக் கூட்டிக்கொண்டு வரும் பேரன் மூலையில் போனை நோண்டிக்கொண்டிருப்பான். அவனிடம் கேள்: போன வருஷம் வேலை பார்த்தாயா? ஐந்து மாசம் 15,000 சம்பளத்தில் வேலை பார்த்து நின்றிருந்தால், வருஷம் முழுக்கச் சம்பாதிப்பான் என்று கணக்குப் போட்டு மாசம் 1,260 சொச்சம் வரி பிடித்திருப்பார்கள். மொத்த வருமானம் 75,000தான், 95,750க்குக் கீழே. பிடித்தது ஆறாயிரத்துச் சொச்சமும் அவனுக்கே திரும்பி வர வேண்டும். அவன் கேட்டிருக்கவே மாட்டான்.

இனி கோயில் ரசீது. இதற்குக் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். திருப்பணிக்கு 5,000 கொடுத்த ரசீதை நீட்டி "இதையும் போடு தம்பி" என்பார்கள். 18ஏ (நன்கொடைக் கழிவுக்கான சட்டப் பிரிவு) என்று அச்சிட்ட ரசீதாக இருந்தால்தான் கழிவு உண்டு. வழிபாட்டுக்காக மட்டும் நடக்கும் கோயிலுக்கு அந்த அனுமதி கிடைக்காது. ஏழைகளுக்குச் சோறு, பள்ளி உதவி என்று தனி அறக்கட்டளை வைத்து 18ஏ வாங்கியிருந்தால் அது வேறு. இதை நீ சொல்லப் போவது கோயில் மண்டபத்தில், அடுத்த மேசையில் செயலாளர் உட்கார்ந்திருப்பார். மெதுவாகச் சொல்.

இப்போது நீ கேட்காத, ஆனால் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடக்கூடிய விஷயம்: போனும் பாஸ்வேர்டும். ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது என்று தெரியாமல் மடிக்கணினியைத் திறக்காதே. பாதிப் பேருக்கு எப்போதோ கேப்டவுனுக்கு வேலைக்குப் போன மகன் எண்ணில் பதிவாகியிருக்கும். அல்லது உன் ஆயாவுக்குப் படிவம் போட்டாரே, அந்த மாதிரி ஆளுடைய எண்ணில். அப்படி இருந்தால் அன்றைக்கு வேலை அங்கேயே நிற்கிறது. சார்ஸ் கிளைக்கு முன்பதிவு செய்து, அடையாள அட்டையோடு போய் மாற்றிக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். 47277க்கு எஸ்எம்எஸ் அனுப்பியே முன்பதிவு கேட்கலாம், அதைச் செய்து கொடு. "அவசரத்துக்கு என் நம்பரைப் போட்டுக்கொள்கிறேன்" என்று நல்ல மனசோடு ஒரு மாணவன் சொல்வான். ஒருபோதும் விடாதே. நாளைக்கு அந்தத் தாத்தாவுக்கு வரும் பணம் வேறு எங்காவது போனால், அந்த எண்ணுக்குச் சொந்தக்காரன்தான் பதில் சொல்ல வேண்டும். பாஸ்வேர்டைப் பெரியவரே தட்டட்டும். விரல் நடுங்கினால் நேரம் ஆகட்டும். யாருடைய அடையாள அட்டையையும் பிள்ளைகள் போனில் படம் பிடிக்கக் கூடாது, வாட்ஸ்ஆப் குழுவில் "இவருக்கு என்ன செய்வது" என்று படத்தோடு கேட்கவே கூடாது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுசாக நடைமுறையில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அசிங்கம்.

நீ சொன்ன விட்டாவிலிருந்து இரண்டை நான் எடுத்துக்கொண்டேன். டெக்சஸில் இருக்கும் என் மருமகள் படிக்கும்போது அங்கே வேலை செய்தவள், அவள் சொல்லித்தான் தெரியும். கணினியைத் தொடுவதற்கு முன்னால் ஒருவர் கேள்வி கேட்டு ஒரு தாளில் எழுத வேண்டும். அங்கே அந்தத் தாளுக்கு 13614-சி என்று படிவ எண்ணே உண்டு. முடித்தபின், செய்யாத இன்னொருவர் முழுசாகச் சரிபார்க்க வேண்டும். அதனால் என்னிடம் மூன்று நாற்காலி: கேட்கிறவர், தட்டுகிறவர், பார்க்கிறவர். ஒரு மடிக்கணினிக்கு மூன்று பேர் என்பது அப்படி வந்தது. சரிபார்க்கிறவருக்கு "நிறுத்து" என்று சொல்லும் உரிமை உண்டு, எனக்கும் மேலே.

தேதியைப் பற்றி ஒன்று. மண்டபத்தை இப்போதே கேட்டு வாங்கிக்கொள். ஆடி பிறந்துவிட்டால் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுகிறவர்கள் வார இறுதியெல்லாம் எடுத்துக்கொள்வார்கள், அண்டாவுக்கு நடுவில் உனக்கு மேசை கிடைக்காது.

---

பினோனி_ஆலோசகர் பதில்:

தம்பி, நான் பதிவு பெற்ற வரி ஆலோசகர். அக்கா சொன்னதில் சட்டப் பக்கம் விட்டுப்போனதைச் சேர்க்கிறேன்.

2011ஆம் வருஷ வரி நிர்வாகச் சட்டத்தில் 240ஆம் பிரிவு. பிறருக்கு வரி ஆலோசனை சொல்கிறவரும் படிவம் நிரப்புகிறவரும் அங்கீகரிக்கப்பட்ட தொழில் அமைப்பில் சேர்ந்து, சார்ஸிடமும் பதிய வேண்டும். ஆனால் எந்தப் பிரதிபலனும் வாங்காமல் உதவுகிறவருக்கு அதே பிரிவில் விலக்கு உண்டு. உங்கள் மாணவர்கள் அந்த விலக்கின் கீழ்தான் உட்காருகிறார்கள். எனவே மேசைக்குப் பக்கத்தில் உண்டியல் வைக்காதீர்கள். "விருப்பமிருந்தால் கோயிலுக்குப் போடுங்கள்" என்றுகூடச் சொல்லாதீர்கள். வந்த பணத்தில் ஒரு பங்கு என்று யாராவது பேசினால் எழுந்து போய்விடுங்கள். அமெரிக்கத் திட்டத்திலும் நன்கொடை கேட்கக் கூடாது என்பது நடத்தை விதிகளில் ஒன்று.

சமூசா கொண்டுவந்து கொடுத்தால் பிரதிபலனா என்று ஒரு கருத்தரங்கில் என்னைக் கேட்டார்கள். சாப்பிட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன் என்றேன்.

இன்னொன்று: யாரைத் திருப்பி அனுப்புவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். கடை நடத்துகிறவர், டாக்ஸி ஓட்டுகிறவர், வீடு விற்றவர், கிரிப்டோ வைத்திருப்பவர், வெளிநாட்டுப் பணம் வருகிறவர் யாரும் மாணவர் மேசைக்கு வேண்டாம். எங்களைப் போன்றவர்கள் இருவர் மூவர் பெயரை எழுதிக் கையில் கொடுங்கள், ஒரே பெயரைக் கொடுக்காதீர்கள், ஆள் பிடிக்கிறீர்கள் என்று பேச்சு வரும். உங்கள் பேராசிரியரை மட்டும் நம்ப வேண்டாம், பதிவு பெற்ற ஒருவரை அன்றைக்குப் போனில் கிடைக்கும்படி பிடித்து வையுங்கள். நான் வருகிறேன், லெனேஷியா தூரமில்லை.

சார்ஸ் கிளையிலும் இதே உதவி இலவசம்தான். முன்பதிவு செய்து போகலாம். அதை மறைக்காமல் உங்கள் நோட்டீஸிலேயே போடுங்கள்.

---

முதல்_நாற்காலி பதில்:

நான் சம்பளக்கவர் ஆண்ட்டி மேய்த்த ஆடுகளில் ஒன்று :)

டிஸ்டிங்ஷன் வாங்கிய தைரியத்தில் போனேன். ஆண்ட்டி என்னை முதல் நாற்காலியில் உட்காரவைத்தார், அந்த ஜூலை முழுக்க மடிக்கணினியைத் தொடவிடவில்லை. கோபம் வந்தது உண்மை. ஆனால் வரிச்சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒன்று அங்கே இருக்கிறது. "வேறு வருமானம் உண்டா?" என்று கேட்டால் எல்லாரும் "இல்லை" என்பார்கள். "கணவர் போனபின் ஏதாவது பணம் மாசாமாசம் வருகிறதா? கேக் செய்து விற்கிறீர்களா? பின்கட்டில் யாராவது குடியிருக்கிறார்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் கதை வேறு மாதிரி வரும். கேள்வித்தாளை அப்படி எழுதுங்கள்.

சாட்ஸ்வொர்த்தில் எங்களிடம் வந்தவர்கள் எல்லாரும் தமிழர்கள் இல்லை. வீட்டு வேலை செய்யும் சூலு அம்மாக்கள், செக்யூரிட்டி வேலை பார்க்கும் அண்ணன்மார், கோயில் வாசலில் நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்தார்கள். இசிசூலு பேசும் வகுப்புத் தோழி ஒருத்தி இருந்ததால் தப்பித்தோம். லெனேஷியாவில் சோட்டோவும் சூலுவும் தெரிந்தவர்களை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

போலிச் செய்தி விஷயம்: ஒவ்வொருவர் போனிலும் "உங்கள் வரிப் பணம் தயார், இங்கே அழுத்தவும்" என்று ஏதாவது ஒன்று இருக்கும். சார்ஸ் வங்கித் தளத்துக்கெல்லாம் இணைப்பு அனுப்பாது. நிஜமான மதிப்பீட்டுச் செய்தியைப் போலி என்று அழித்தவர்களும் உண்டு, எனவே செய்தியை வைத்து முடிவு செய்யாமல் ஈஃபைலிங்கில் நேராக நுழைந்து பாருங்கள்.

---

லெனேஷியா_பிகாம்:

ஆண்ட்டி, அண்ணா, ரொம்ப நன்றி. உண்டியல் விஷயம் எங்கள் தலையில் ஏறியிருக்கவே ஏறாது, கோயில் கமிட்டி ஏற்கெனவே அதைத்தான் கேட்டிருந்தது.

பின்கட்டு என்றதும் பயம் வந்துவிட்டது. எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டில் பின்னால் ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். சார்ஸின் தானியங்கி மதிப்பீட்டில் அந்த வாடகை இருக்காது. பெரியவர் நம்மிடம் சொல்லிவிட்டு, "அதைப் போடாதே தம்பி" என்றால் என்ன செய்வது? வெளியே அனுப்பினால் ஊர் முழுக்க "அந்தப் பிள்ளைகள் பிடித்துக் கொடுக்கிறார்கள்" என்று பேச்சாகிவிடும். போடாமல் விட்டால் நாங்களும் உடந்தை.

---

சம்பளக்கவர் பதில்:

தம்பி, இது எல்லா மேசைக்கும் வரும். சாட்ஸ்வொர்த்திலும் பின்கட்டு இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும்.

முதலில் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டு. முக்கால்வாசிப் பயம் அங்கேயே போய்விடும். 72 வயது தாத்தா, அரசாங்க முதியோர் உதவித்தொகை வாங்குகிறார், பின்கட்டு வாடகை மாசம் 4,000. உதவித்தொகைக்கு வரி கிடையாது. வாடகை வருஷத்துக்கு 48,000, அந்த வயசுக்கு 148,217 வரை வரி இல்லை. ஒரு சென்ட் கட்ட வேண்டாம். இதை அவருக்கு யாரும் சொன்னதே கிடையாது, வருஷக்கணக்கில் பயந்துகொண்டிருப்பார். ஆனால் அந்த உதவித்தொகைக்கு வருமான வரம்பு உண்டு, அவர் மறைக்க நினைப்பது அதற்காகவும் இருக்கலாம். அதில் உன் பிள்ளைகள் வாயைத் திறக்கக் கூடாது. அது உதவித்தொகை கொடுக்கும் சாசா அலுவலகத்தின் விவகாரம், நமக்குத் தெரிந்த வேலை இல்லை.

ஓய்வூதியமும் வாடகையும் சேர்ந்து வரி வருகிறது என்றால், செலவைக் கழிக்கலாம் என்று சொல். அந்த அறைக்கு உரிய பங்கு ரேட்ஸ் (நகராட்சி வீட்டு வரி), அதற்குச் செய்த ரிப்பேர், வாடகைக்காரருக்காகக் கட்டிய தண்ணீர், மின்சாரம். அறை புதிதாகக் கட்டிய செலவு கழியாது, பழுது பார்த்ததுதான் கழியும். ரசீது வேண்டும். கழித்த பின்னும், வட்டி முதலியவற்றோடு சேர்த்து, வரிக்குரியது வருஷத்துக்கு 30,000க்கு மேல் போனால் வருஷம் முடியுமுன்பே வரி கட்டும் முன்வரிக் கணக்கில் வந்துவிடுவார், அவரைப் பினோனித் தம்பியைப் போன்றவரிடம் அனுப்பு.

இதெல்லாம் சொன்னபிறகும் "போடாதே" என்றால், முதல் நாற்காலியில் இருப்பவர் பேனாவை மூடி வைத்துவிட்டு இப்படிச் சொல்ல வேண்டும், நான் எழுதியே கொடுத்திருக்கிறேன்: "தாத்தா, இங்கே நீங்கள் சொன்னது யாருக்கும் போகாது. ஆனால் தெரிந்துகொண்டே விட்டுவிட்டு எங்களால் செய்ய முடியாது. யோசித்துவிட்டு வாருங்கள், போன வருஷம் மாதிரி இருந்தால் அக்டோபர் வரைக்கும் நேரம் இருக்கிறது." கேள்வித்தாளை அவர் கையிலேயே கொடுத்துவிடு. நகல் வைத்துக்கொள்ளாதே. யாரிடமும் போய்ச் சொல்லாதே, கமிட்டியிடமும்தான். பேச்சு கிளம்பாமல் இருப்பது இதை நீ எவ்வளவு கண்டிப்பாகக் காப்பாற்றுகிறாய் என்பதில்தான் இருக்கிறது. திரும்பி வருகிறவர்கள் வருவார்கள், பெரும்பாலும் மகளோடு.

கமிட்டி உண்டியல் கேட்டதாகச் சொன்னாயே, அதை வாய்ப்பேச்சாக விடாதே. அண்ணன் சொன்ன 240ஆம் பிரிவை ஒரு தாளில் எழுதி, மண்டபம் கேட்கும் கடிதத்தோடு சேர்த்துக் கொடு. எங்கள் கேள்வித்தாளின் மாதிரியைத் தட்டச்சு செய்து இந்தத் திரியில் போடுகிறேன், முதல்_நாற்காலி, உன்னிடம் கடைசியாகத் திருத்திய பிரதி இருந்தால் எனக்கு அனுப்பு.

---

முதல்_நாற்காலி:

இருக்கிறது ஆண்ட்டி. "கேக்" கேள்வியைப் பிரியாணியாக மாற்றிவிட்டோம், நினைவிருக்கிறதா? ராத்திரி அனுப்புகிறேன்.